சாண்டரைப் பிடித்த கை

நவம்பர் 6

மரம் தேய்க்கிற சாண்டர் மெஷினுக்குப் புது உப்புத்தாள் பெல்ட் போட்டேன். பிளக்கைப் பிடுங்கி, பழையதைக் கழற்றி, உள்பக்கத்து அம்புக்குறி ரோலர் சுற்றும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்டினேன். மாற்றி மாட்டினால் ஒட்டு பிய்ந்து முகத்தில் அடிக்கும். ஓடவிட்டு, பக்கத்துத் திருகை மயிரிழை திருப்பியதும் பெல்ட் நடுவுக்கு வந்து நின்றது.

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் பட்டறையில் மரத்தூள் கூட்டத்தான் விட்டார்கள். இப்போது மேஜைப் பலகை என்றாலே என் வீட்டுக்காரர் "அவகிட்ட குடு" என்கிறார். கொழுந்தன் அறுக்கிறான், அவர் பூட்டுகிறார், நான் தேய்க்கிறேன்.

காலையில் மட்டும் விரல்நுனி வெளுத்துப்போகிறது. குளிர்தான்.

நவம்பர் 11

மெஷின் இடப்பக்கம் இழுக்கிறது. ரோலரில் அப்பியிருந்த பிசினைச் சுரண்டினேன். தூசிப் பையை உதறினேன். அடித்தகடு தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. ஆனாலும் இழுக்கிறது.

நவம்பர் 12

மோட்டார் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லம்மா. குழந்தையக் குளிப்பாட்டின மாதிரி வெச்சிருக்கீங்க" என்றார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எரிச்சலாக வந்தது.

நவம்பர் 19

தேநீர் டம்ளர் கையிலிருந்து விழுந்தது. நழுவவில்லை – பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கொழுந்தன் பார்த்தான். குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினான்.

வலது கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. பொத்தான் போட நேரமாகிறது. அவரிடம் சொல்லலாம். சொன்னால், "நீ வீட்டுல இரு, நாங்க பாத்துக்கறோம்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 24

வக்கீலுக்குச் செய்த மேஜை போச்சு.

சுற்றிலும் ஒட்டிய தேக்குப் பட்டையை மேல் பலகையோடு சமமாக்க வேண்டும். பட்டையில் பென்சிலால் கிறுக்கி, கிறுக்கல் மறைகிற வரைக்கும் தேய்த்தால் போதும். எத்தனையோ மேஜைக்குச் செய்ததுதான். கடைசி மூலையில் மெஷின் சாய்ந்து உள்ளே ஏறிவிட்டது. மேலே ஒட்டியிருந்த வெனீர் என்கிற மரச்சீவல், தாளை விட மெல்லிசு. கண்ணை மூடித் திறப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து, அடியில் இருந்த பிளைவுட் பல்லைக் காட்டியது. மெஷின் சாய்ந்தது என் கைக்குத் தெரியவே இல்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

அவர் ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் சொன்னான்: "பெல்ட்ட நான்தாண்ணா மாட்டினேன். சரியா மாட்டல போல."

பொய். அவன் அந்த மெஷினைத் தொடவே இல்லை.

"உனக்கு என்னிக்குத்தான் கவனம் வரும்? இனிமே இந்த மெஷின் பக்கம் வராத" என்றார் அவர். நான் நின்றேன். மரம் மாதிரி நின்றேன்.

நவம்பர் 25

துண்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவனைப் பிடித்தேன்.

"யார் உன்னச் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல அண்ணி."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"உங்க கைக்கு என்னமோ ஆயிருக்கு. நீங்களே அண்ணன்கிட்ட சொல்லுவீங்கன்னு பாத்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு. அந்த நேரத்துல அண்ணன் முன்னாடி நீங்க நின்ன நிலை எனக்குப் பிடிக்கல."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். "உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 28

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மற்றவர் வருகிறார். தெருமுனையில் கதவு செய்கிற கம்பெனியில் ஆள் கேட்கிறார்களாம், அடுத்த வாரம் முதல் போகிறேன் என்று கொழுந்தன் என்னிடம் மட்டும் சொன்னான். இவரிடம் சொன்னேன். "போகட்டும்" என்றார். ஆனால் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்? ஒரு மெஷினக் கைல வெச்சிருக்கறதுக்காக ரெண்டு பேரையும் பிரிச்சுட்டேனே.

நவம்பர் 29

சொல்லிட்டேன்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். "மேஜையக் கெடுத்தது நான். உங்க தம்பி பெல்ட்டத் தொடல. என் விரல் மரத்துப்போச்சு, ரொம்ப நாளா."

அவருக்குப் புரியவில்லை. விரல்நுனியில் நகத்தால் அழுத்தினார். "தெரியுதா?" "தெரியல." அடுத்த விரல். "இது?" "தெரியல."

"பைத்தியமாடி உனக்கு? விரலே போயிருந்தா?"

கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கையை விடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பின்பக்கம் தம்பியிடம் போனார். அவர் குரல் கேட்டது. "சாப்பிட வா." அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள்.

டிசம்பர் 4

நரம்பு டாக்டர். வருஷக்கணக்காக அதிர்கிற மெஷினைப் பிடித்ததில் நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டிருக்கிறதாம். "விட்டுட்டா இதோட நிக்கலாம். முழுசாத் திரும்புமான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

"வாரத்துக்கு ஒரு நாள்?"

"வேணாம்."



டிசம்பர் 9

எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 16

கொழுந்தன் கதவுக் கம்பெனிக்குப் போகவில்லை. இன்று சாண்டரை எடுத்தான். அழுத்துகிறான். சத்தத்திலேயே தெரிகிறது, மோட்டார் முனகுகிறது. "அழுத்தாத, அதோட கனமே போதும்" என்று கத்தினேன். நிறுத்திவிட்டு, "பக்கத்துல வந்து சொல்லுங்க அண்ணி" என்றான்.

போகல. போக முடியல. அடுப்படிக்குள்ள வந்து நின்னுட்டேன். அவன் மேல என்ன தப்பு? ஒண்ணும் இல்ல. அவன் நல்லாத் தேய்க்கக் கூடாதுன்னு மனசு வேண்டிக்குதே, இது என்ன மனசு?

ஜனவரி 5

அவர் அளவு நாடாவை என் முன்னால் வைத்தார். "இனிமே வீடுகளுக்கு அளவெடுக்க நீ போ. மரம் எது, வேலை எப்படின்னு பேசி முடிச்சுட்டு வா."

"இரக்கப்பட்டுக் குடுக்கறீங்களா?"

"இரக்கப்பட்டா வீட்டுல இருன்னு சொல்லியிருப்பேன். எனக்குப் பேச வராது. போன மாசம் வேலை குடுக்க வந்தவங்க ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டுப் போனாங்க."

உண்மைதான். அவர் பேசினால் நிச்சயமான வரன் கூட ஓடிவிடும்.

ஜனவரி 22

கொழுந்தன் ஒரு பலகையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துக் காட்டினான். அலை அலையாய் மேடு பள்ளம் இல்லை. மூலையில் மட்டும் ஒரு கீறல். "நெடுக்க இன்னொரு தடவ ஓட்டு, குறுக்க வேணாம்" என்றேன். ஓட்டினான். இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றேன்.

விரல் அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 13

ரிட்டயரான வாத்தியாரம்மா வீட்டில் புத்தக அலமாரிக்கு அளவெடுத்தேன். ஜன்னல் பக்கத்துச் சுவர் நேராக இல்லை, பின்பலகையைச் செதுக்கித்தான் உட்கார வைக்கணும் என்றேன். யோசனையோடு கேட்டுக்கொண்டார். பிறகு, "கை வெச்சா வழவழன்னு இருக்கணும். அந்த வேலைய யார் செய்வாங்க?" என்று கேட்டார்.

"என் கொழுந்தன். நல்லாத் தேய்ப்பான்" என்றேன்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, மனசு உறுத்தாமல் சொல்லியிருக்கிறேன் என்று. சாவியைப் போட்டுக் கிளம்பினேன். அடுத்த தெருவில் இன்னொரு வீடு இருந்தது.