அபூர்வம் என்று நான் சொன்ன குட்டிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் வருகிறதாம், அதனால் காய்ந்த துணி எடுக்க என்னை அனுப்பிவிடுகிறாள். எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற பழைய மெஷினை மாற்றிவிட்டார்கள், புதியதில் இன்னும் கை பழகவில்லை. மூன்று வாரமாக அப்பா போனில் சரியாகவே பேசுவதில்லை என்று நீ அம்மாவிடம் குறைப்பட்டாயாம். கோபம் ஒன்றும் இல்லை பாப்பா. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ பரவாயில்லை விடுங்கப்பா என்று சொல்லிவிடுவாய், நானும் அத்தோடு விட்டுவிடுவேன். எழுதினால் முழுவதும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீ ஊரைவிட்டுப் போன மறுவருஷம், வீடு வெறிச்சென்று இருக்கிறதென்று அம்மா ஒரு குட்டி நாயைக் கொண்டுவந்தாளே, மிளகு, அவளைப் பற்றிய விஷயம்தான். சாம்பல் உடம்பில் கரியை உடைத்துத் தூவிய மாதிரி திட்டுத் திட்டாக இருப்பாள், படத்தில் பார்த்திருப்பாய். சாயங்காலம் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். அங்கே சின்ன நாய் வைத்திருக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர், நம் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற தபால்காரம்மாவையும் சேர்த்து, ஒரு பெஞ்சைச் சுற்றிக் கூடுவோம். எங்களுக்கெல்லாம் தலைவர் ஒரு டயர் கடைக்காரர், நாயைப் பற்றி எது கேட்டாலும் பதில் வைத்திருப்பார் என்பதால் அவருக்குப் பேராசிரியர் என்றே பெயர். குட்டியாக இருக்கும்போது தீனியைக் குறைத்தால் நாய் கைக்கு அடக்கமாகவே நின்றுவிடும் என்பார், பெண் நாய் ஒரு தடவையாவது குட்டி போடாவிட்டால் வயிற்றில் கட்டி வரும் என்பார். நாங்கள் தலையாட்டுவோம். உன் அம்மா மட்டும், டயருக்குக் காத்தடிக்கிற மாதிரியே உங்களுக்கும் அடிக்கிறாரு, நீங்களும் உப்பிக்கிட்டு வர்றீங்க என்று சிரித்தாள். அவர் வீட்டில் இருபது வருஷமாக நாய் இருக்கிறது, உனக்கென்ன தெரியும் என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

அவர்தான் ஒருநாள், தபால்காரம்மா வீட்டு ஆண் நாயும் இதே சாம்பல் திட்டுத்தான், ரெண்டையும் சேர்த்தா அழகு ரெட்டிப்பா வரும், அதுல வெள்ளையா ஒண்ணு பொறந்தா அது லட்சத்துல ஒண்ணு என்றார். தபால்காரம்மாவும் சரி என்றாள். நாலு குட்டிகள் பிறந்தன பாப்பா, ஒன்று முழுக்கறுப்பு, ஒன்று மிளகைப் போலத் திட்டு, இரண்டு பாலில் தோய்த்தெடுத்த மாதிரி வெள்ளை. பேராசிரியர் வந்து பார்த்து, இது தனி ஜாதி, பனி ஜாதின்னு பேரு என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குக் கண் சோதிக்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே நான் சொன்னேன், அதுவும் அவர் சொன்னதாக அல்ல, எங்கேயோ படித்ததாக. கறுப்பை என் முதலாளி வாங்கிக்கொண்டார், திட்டுக் குட்டி தபால்காரம்மாவுக்குப் போயிற்று, ஒரு வெள்ளை நம் வீட்டில் நின்றது, இன்னொன்றை எதிர்வீட்டுப் பள்ளி வேன் டிரைவருக்குக் கொடுத்தேன். அவருக்கு ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் அதைக் கீழேயே விடவில்லை.

ஒரு மாதம் கழித்து டிரைவர் என்னிடம் வந்து, அண்ணே, எத்தனை தடவ கூப்பிட்டாலும் திரும்பியே பாக்க மாட்டேங்குது, நம்மள மதிக்கவே மாட்டேங்குது என்றார். நான் பேராசிரியரைக் கேட்டேன். உசந்த ஜாதின்னா அப்படித்தான், திமிரு இருக்கும், ஆரம்பத்துலயே கண்டிச்சு வெக்கணும் என்றார். அதை நான் அப்படியே கொண்டுபோய் டிரைவரிடம் கொடுத்தேன், கூடவே என் பங்குக்கு, செல்லம் கொடுத்தா தலையில ஏறிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. தெரிந்தவனைப் போலப் பேசுவதில் ஒரு ருசி இருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த குட்டியை அந்தப் பெண் பின்னாலிருந்து தூக்கப்போக, அது அலறிப் புரண்டு அவள் உள்ளங்கையைக் கடித்துவிட்டது. நாலு தையல். டிரைவர் குட்டியைப் பின்கட்டில் கட்டிவிட்டதாக அன்றைக்கு அவர் மனைவிதான் சொன்னாள்.

அந்த வாரமே நம் வீட்டுச் சமையலறையில் அம்மா கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் தவறி விழுந்தது. மிளகு கட்டிலடியில் பாய்ந்து ஒளிந்துகொண்டாள். வெள்ளை மட்டும் இரண்டடி தள்ளி அசையாமல் தூங்கியது. அம்மா தாம்பாளத்தை எடுத்து அதன் தலைக்குப் பின்னாலேயே கரண்டியால் மூன்று தட்டுத் தட்டினாள். அசந்து தூங்குது என்றேன். நாளைக்கே இத டாக்டர்கிட்ட காட்டணும் என்றாள் அவள். மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனோம், உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. குட்டியைத் தொட்டதும், அப்பா அம்மா ரெண்டுமே சாம்பல் திட்டுதானே என்று கேட்டாள். பெருமையாகத்தான் ஆமாம் என்றேன். அந்த நிறம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுமாம், இரண்டு பக்கமும் வந்தால் காதுக்குள்ளேயும் கண்ணுக்குள்ளேயும் இருக்க வேண்டிய நிறத்தையும் சேர்த்து அழித்துவிடுமாம். நாலுல ஒண்ணு இப்படிப் பொறக்கலாம் சார், உங்களுக்கு ரெண்டு பொறந்திருக்கு, பனி ஜாதின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இதுக்குக் காது சுத்தமா கேக்காது என்றாள். பிறகு குட்டியின் முகத்தை வெளிச்சத்தில் நிமிர்த்தி, ஒரு கண்ணு மத்ததவிடச் சின்னதா இருக்கு, அதுல பார்வையும் இல்ல, நீங்க பாக்கலையா என்றாள். முப்பத்தோரு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் எதிர்வீட்டுக்குப் போனேன். டிரைவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். திமிரும் இல்லை ஒன்றும் இல்லை, அதற்குக் காது கேட்காது, பிறவியிலேயே அப்படி, அதற்குக் காரணம் நான்தான், நான் சொன்னதெல்லாம் தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டு நின்றார். அப்புறம் மெதுவாக, நான் அத அடிச்சேனே அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதானே அடிச்சேன் என்றார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் பாப்பா. வாசலில் அவருடைய பெண் கட்டுப் போட்ட கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்ப அது என்னைக் கோவமா கடிக்கலையாப்பா என்று கேட்டாள். இல்லம்மா, பயந்துடுச்சு என்றேன். அவள் அழுதாள், ஆனாலும் பின்கட்டுப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் டிரைவரே குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நம் வாசலில் விட்டுவிட்டு, அது மூஞ்சியில முழிக்க முடியல அண்ணே என்று சொல்லிப் போய்விட்டார். இப்போது வெள்ளைகள் இரண்டும் நம்மிடம்தான்.

பூங்காவில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர், டாக்டருங்களுக்கு எதைப் பாத்தாலும் வியாதிதான் என்றார். அடுத்த வாரம் தபால்காரம்மாவின் ஆண் நாயை இன்னொரு சாம்பல் திட்டு நாயோடு சேர்ப்பதாக ஏற்பாடாகியிருந்தது. நான் கூட்டிப்போயிருந்த வெள்ளைக் குட்டி ஒன்றைத் தரையில் விட்டு அதன் பின்னால் நின்று கைதட்டினேன். திரும்பவில்லை. தபால்காரம்மா தானே எழுந்து வந்து குனிந்து, அதன் காதோரம் கைதட்டினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள், கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு தன் நாயைக் கூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனாள். அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டதாக மறுநாள் தபால் போடும்போது சொன்னாள். மற்றவர்கள் இப்போது வேறு பெஞ்சில் உட்காருகிறார்கள், அங்கே இன்னும் பனி ஜாதிப் பேச்சுதான் என்று கேள்வி.

இன்று காலை மேலே அலமாரியிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கையைத் தூக்கினேன். எதிர்வீட்டிலிருந்து வந்த குட்டி சுவரோடு சுவராக ஒட்டி, வயிறு தரையில் பட, கண்ணை மூடிக்கொண்டது. நான் அதை ஒருநாளும் அடித்ததில்லை. தூக்கிய கையை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன், அம்மா வந்துதான் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, மனக்குறை இல்லாமல் வாழவேண்டும் என்பதே எங்கள் ஆசி. மறந்துவிடாதே, அபூர்வ வெள்ளை என்று எழுதி நான் அனுப்பிய படத்தை நீ யார் யாருக்குக் காட்டினாயோ அவர்கள் எல்லோரிடமும், அப்பா சொன்னது பொய் என்று சொல்லிவிடு.

உன் அன்புள்ள
அப்பா