உன் குரல் விட்டுவைத்த இடைவெளி

என் ஆருயிர் மச்சான் செல்வத்துக்கு,

நம் பண்ணிசைத் தொடரின் ஐந்தாம் மாலையும் நடந்தேறிவிட்டது. நடந்தேறியது என்று மட்டுமே என்னால் சொல்ல முடிகிறது. மாதம் ஒன்றாக ஆறு மாலைகள், பாடாங் செராய்க் கோயில் மண்டபத்தில், இராகங்களுக்கும் முந்திய பழம்பண்களை நம் தோட்டத்து மக்களும் தொழிற்சாலை மக்களும் கேட்க வேண்டும் என்று நாம் வகுத்த திட்டம். அதன் பாதியில் நீ இறந்துபோனாய். ஒத்திகைக்குக்கூடச் சொல்லாமல் நின்றவன் இல்லையே நீ?

நான்காம் மாலைக்கு மெர்கோங்கிலிருந்து ஒரு பாடகரை அழைத்து வந்தேன். நல்ல குரல். ஆனால் பண் அவருக்கு வழுக்கியது. சினிமா மெட்டுக்குள் போய் விழுந்தார். மேடையிலேயே திருத்தினேன். தேநீர்கூடக் குடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ இருந்திருந்தால், "மச்சான், பாட வந்தவனுக்குப் பரீட்சையா வைப்ப? மொதல்ல பசியாறட்டும், அப்புறம் திருத்து லா" என்று சொல்லி அவரைப் பிடித்து உட்கார வைத்திருப்பாய்.

ஐந்தாம் மாலைக்கு ஆளே கிடைக்கவில்லை. உன் மனைவியும் என் தங்கையுமான கமலா உன்னோடு பாடிப் பழகுவதற்காக நீ கைப்பேசியில் பதிந்து கொடுத்த பதிகத்தை ஒலிபெருக்கியில் போட்டேன். நீ ஓரடி பாடுவாய். அவள் திருப்பிப் பாடுவதற்கு அதே அளவு இடம் விடுவாய். அங்கே உன் தாளம் மட்டும் ஒலிக்கும். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

உன் முதலடி கேட்டதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். பிறகு இடைவெளி. வெறும் தாளம். மறுபடி நீ. மறுபடி வெறுமை. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். நிறுத்த எழுந்தேன்.

வாசலில் நாசி லெமாக் சோறு விற்கும் அஞ்சலை அக்கா உள்ளே வந்து என் தோளைத் தொட்டார்.

"தம்பி, ஒன் தங்கச்சி ரோட்டுல நிக்குதுப்பா. வாய் அசையுது. சத்தம்தான் வரல."

ஓடினேன். எதிர்ப்பக்கச் சாலையோரத்தில் கமலா நின்றாள். துக்க ஆண்டு முடியும்வரை உன் வீட்டார் கோயில் வாசல் மிதிப்பதில்லை என்ற வழக்கத்தை அவள் மீறவில்லை.

"ஒவ்வொரு தடவையும் என் முறை வருதுண்ணே. வந்தா தொண்ட அடைச்சிக்குது. நிறுத்திருங்க."

நிறுத்திவிட்டேன். அன்று முதல் அவள் யாரிடமும் பேசுவதில்லை. சோறு வைத்தால் உண்கிறாள், கேட்டால் தலையசைக்கிறாள். அந்தக் குரலையும் நீ கொண்டுபோய்விட்டாயா, செல்வம்?

கோயில் தலைவர் மறுநாளே வந்தார்.

"சார், பாட ஆளில்லாத கச்சேரிக்கு டேவான் மண்டபம் எதுக்கு? கரோக்கே வெச்சா சனம் தானா வரும் லா. கடைசி ஒண்ண விட்டுருங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. எந்தப் பண்ணை எந்தப் பொழுதில் பாடலாம், எதில் எந்தச் சுரம் வராது, எல்லாம் எனக்குத் தெரியும். பாட வராது. இந்த ஊரில் இவற்றைப் பாடியவர்கள் இருவர். ஒருவர் இல்லை, ஒருவர் ஊமையாகிவிட்டார்.

வழக்கங்களைத் தவிர எனக்கு வேறு துணை ஏது? ஆகவே அவற்றையே மறுபடி எண்ணினேன். துக்க வீட்டார் கோயிலுக்குள் போகக்கூடாது. துக்க வீட்டு வாசலில் பதிகம் பாடக்கூடாது என்று எவரேனும் சொன்னதுண்டா? பாடுவதல்லவா நம் முறை? ஆறாம் மாலையை உன் வீட்டுச் சாலைக்கு மாற்றிவிட்டேன். அங்கேயும் அதே பதிவைத்தான் போடப் போகிறேன். கெமாப் பந்தல் போட அண்டை வீட்டார் இசைந்துவிட்டார்கள். கமலாவிடமும் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. சரி என்றும் அசைக்கவில்லை. மறுநாள் உன் தாளச்சோடி மேசைமேல் இருந்தது. எனக்காக எடுத்து வைத்தாளா, தூசி துடைக்க எடுத்தாளா? கேட்க அஞ்சுகிறேன்.

நிறுத்தச் சொன்னவளின் வாசலிலேயே உன் குரலை மீண்டும் ஒலிக்கவிடுவது இரக்கமா, கொடுமையா? நீயாவது சொல்லக் கூடாதா? எனக்கு வேறு வழி தெரியவில்லை, மச்சான்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். அவள் கை உயர்த்தினால் அக்கணமே நிறுத்துவேன். உயர்த்தாதவரை, நீ பாடி முடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் பிறகு, உன் தாளத்தோடு என் தாளமும் ஒலிக்கும். அந்த இடம் அவளுடையது. அதை நானும் நிரப்பமாட்டேன். வேறு எவரையும் நிரப்ப விடமாட்டேன்.

உன் கமலாவின் அண்ணன்,
தாளம் மட்டுமே போடத் தெரிந்த உன் மச்சான்,
சிவநேசன்