கன்னத்தில் ஒரு மச்சம்

ஆடி 4, வெள்ளி
காலையிலிருந்து தூறல். கண்ணாடியில் பெயிண்ட் காயவில்லை. உரக்கடை ஸ்லைடு பாதியில்: மூட்டை முடிந்தது, மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் பாக்கி. தியேட்டரில் இடைவேளைக்குப் போடும் விளம்பரம்.

ரேணு படவேட்டுக்குப் போய் ஒரு வாரம். கேட்பவர்களிடம், ஆடிக்கு அம்மா வீட்டில் அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டீக்கடை பாஷா பாய் நம்பவில்லை.

"புதுப் பொண்ணைத்தான்யா ஆடிக்கு அழைப்பாங்க. உனக்கு மீசையே நரைச்சிப் போச்சி."

"மீசைக்குத்தான் பாய் வயசு. மாப்பிள்ளை புதுசு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க வரவில்லை. இரண்டு ஆளுக்கே ஆகிவிடுகிறது. மிச்சம் காக்காய்க்கு. காக்காய் குண்டாகிவிட்டது.

ஆடி 5, சனி
நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் பாய் சொல்கிற கதைதான் ஊரில் நிற்கும்.

பட்டுக்கடை ஆடித் தள்ளுபடிக்கு ஸ்லைடு. பட்டுப்புடவையில் ஒரு பெண் வேண்டும். ரேணுவைத்தான் வரைந்தேன். சத்தியம். கல்யாணத்தின்போது இருந்த ரேணு. கொஞ்சம் நிறம் கூட்டி, மூக்கைக் கூராக்கி, கண்ணைப் பெரிதாக்கி. தொழில் அப்படி. கடை முதலாளி வந்து பார்த்தார்.

"மூஞ்சி மொட்டையா கீதே. கன்னத்துல ஒரு மச்சம் வையி."

வைத்தேன். கண்ணாடியில் கடுகளவு. திரையில் கத்தரிக்காய் அளவு. மேட்னியில் பெண்கள் பெஞ்சு பூராவும் ஒரே கத்தல்: "அய்யய்யோ, நம்ம நர்சம்மா!" பக்கத்துத் தெரு நர்சம்மாவுக்குக் கன்னத்தில் மச்சம். அந்த பெஞ்சில் ரேணுவும் இருந்தாள்.

வீட்டுக்கு வந்தவள்: "இத்தினி வருசத்துல என்னை ஒரு காயிதத்துல வரைஞ்சியா? அவளைப் புடவை கட்டி ஊருக்கே காட்டிகினு கீறே."

"அது நீதான்டி."

"எனக்கு ஏதுய்யா மச்சம்?"

சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள்.

ஆடி 7, திங்கள்
முதலாளியிடம் மச்சத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "உனக்கு இன்னா பைத்தியமா? மச்சக்காரி கட்டின புடவைன்னு கேட்டு வாங்கிகினு போறாங்க."

நர்சம்மா வழியில் நிறுத்தினாள். "அண்ணே, ஊசி போட வர்றவங்கல்லாம் அந்தப் புடவையைக் காட்டுன்னு ஒரே பேஜார். என்கிட்ட இருக்கறது பூரா வெள்ளைப் புடவைங்க." சிரித்தாள். பாவம்.

ஆடி 11, வெள்ளி
படவேடு. அம்மன் கோயில் கூட்டம், பஸ்ஸில் ஒற்றைக்கால். மச்சான் தண்ணீர் கொடுத்தான், நாற்காலி கொடுக்கவில்லை. ரேணு கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

"நான்னு சொன்னியே. என்னை அப்படியே வரைஞ்சி காட்டு. மச்சம் கிச்சம் இல்லாம. பாத்துட்டு வரேன்."

"இவ்ளோதானா? ஜல்தியா முடிச்சிடறேன்."

வாய் இருக்கிறதே.

ஆடி 13, ஞாயிறு
முகம் வரவில்லை. கண்ணை மூடினால் காலண்டர் பெண் வருகிறாள். கை அவளையே போடுகிறது. நான்கு கண்ணாடி வீண். ரேணுவின் மூக்குத்தி எந்தப் பக்கம்? வகிடு நேரா, கோணலா? தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன். தட்டைப் பார்த்தே சாப்பிட்டிருக்கிறேன் போல. கல்யாணப் போட்டோ உதவாது; அதில் மூக்குத்தி இல்லை, வகிட்டை நெற்றிச்சுட்டி மறைக்கிறது. ஸ்டூடியோக்காரன் நம்மைவிடப் பெரிய திருடன், பென்சிலால் எல்லாவற்றையும் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறான்.

ஆடி 15, செவ்வாய்
வெட்கத்தை விட்டு நர்சம்மாவிடமே கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"அக்காவுக்கா? மூக்குத்தி வலப்பக்கம். கோண வகிடு. இடது புருவத்துக்கு மேல சின்ன அம்மைத் தழும்பு, முடி மறைச்சிகினு இருக்கும். போன வருசம் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப பாத்தேன். சிரிச்சா ஒரு பக்கம்தான் உதடு ஏறும். இதுகூடத் தெரியாதா அண்ணே?"

தெரியாது.

ஆடி 17, வியாழன்
முடிந்தது. பட்டுக்கடை முதலாளி பார்த்தார். "இந்த மூஞ்சியப் பாத்தா எவ புடவை எடுப்பா?" உரக்கடை ஸ்லைடில் பெண் இன்னும் பாக்கி; கடைக்காரருக்கு மூட்டை பெரிதாகத் தெரிந்தால் போதும். ஆகவே ரேணு உர மூட்டைக்குப் பக்கத்தில், நெற்கதிரோடு. படவேட்டுக்கு மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன்: ஞாயிறு மேட்னி, இடைவேளை.

ஆடி 20, ஞாயிறு
வந்தாள். தியேட்டர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஸ்லைடு விழுந்ததும் பெண்கள் பெஞ்சிலிருந்து, "அடியே, நம்ம ரேணு!" ஒருத்தி கையைத் தட்டினாள். ரேணு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எனக்கு இரண்டும் வந்தது.

படம் முடியும்முன் வெளியே வந்தாள். கையில் பை. முகம் இளகியிருந்தது. புருவத்துக்கு மேல் முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

"இது எங்க அம்மாவுக்குக்கூட மறந்துபோச்சி. நீ எப்பய்யா பாத்தே?"

தூங்கும்போது பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். பொய் என் பிழைப்பு. எதையும் அழகாக்கித் தருவேன். அவள் அப்படி நின்று கேட்கும்போது முடியவில்லை.

"நர்சம்மா சொன்னாங்க."

முடியை இழுத்து மூடிக்கொண்டாள். கோபம்கூட இல்லை.

"அவ ஒரு நாள்ல பாத்துட்டா, இல்ல?"

பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன். படவேட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு. பஸ் கிளம்பும்வரை அவள் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.