கேட்காமல் செதுக்கிய வரப்பு

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். அதனால் நானும் உன் அப்பாவும் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நலமாக இருக்க வேண்டும்.

டாக்டர் உனக்குச் சொன்ன தேதி தாண்டிப்போயிற்று. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. முந்தாநாள் மாப்பிள்ளைக்கு அடித்தேன். எடுத்தார். அவர் பாஷையில் அவர் ஏதோ சொன்னார், நம் பாஷையில் நான் ஏதோ சொன்னேன். பையனா பொண்ணா என்று கத்திக் கத்திக் கேட்டேன். கத்தினால் புரிந்துவிடுமா? ஆனால் அவர் குரலில் துக்கம் இல்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது. எனக்குக் கிடைத்த சேதி அவ்வளவுதான். போனை எடுக்காவிட்டாலும் கவரையாவது பிரிப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன். பாதியில் கசக்கிப் போட்டுவிடாதே.

நாங்கள் அங்கே வந்து சேர்ந்த கதையை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. கேட்க நேரம் வருவதற்குள்தான் எல்லாம் கெட்டுப்போயிற்றே. பக்கத்து டவுனுக்குப் போகவே மூக்கால் அழுகிற உன் அப்பா, உன் பிரசவத்துக்குப் போயே தீருவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதும், நானும் வருகிறேன் என்றார். நீ வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து உன் பெயரையே எடுக்காதவர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. விமான நிலையத்தில் அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். துணிகளுக்கு நடுவே மண்வெட்டித் தகடு. ஒரு அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்க, இவர் நடுக்கூடத்தில் குனிந்து நின்று கொத்திக் காட்டினார். வரிசையே சிரித்தது. போகிற இடத்தில் மண்வெட்டி கிடைக்காதா என்று நான் பல்லைக் கடித்தேன். கிடைக்கும், என் கைக்கு ஆகாது என்றார்.

இரண்டு விமானம், ஒரு பஸ், அப்புறம் பால் லாரி. லாரிக்காரர் வளைவுக்கு வளைவு திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டப்பா என்று அவருக்கு எந்த பாஷையில் சொல்வது? கடைசியில் பள்ளத்தாக்கு. பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதிலிருந்து கம்பியில் தொங்கும் இரும்புக் கூடையில்தான் அக்கரைக்குப் போகவேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். கூடை என்றால் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று சொல்லவில்லையே. உன் அப்பா அதைப் பார்த்தார், கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ முதல்ல போ" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை முன்னால் போகவிட்டது அந்த ஒரு தடவைதான். அவர் முறை வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூட்டை மாதிரி சுருண்டு வந்து இறங்கினார். எதிரே நீ நிறை வயிற்றோடு நின்றாய். "நல்லா இருக்கியா?" என்றார். நீயும் "ம்" என்றாய். இத்தனை வருஷத்துக்கு அது போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் அங்கே ஒரு வாரம் வாய் மூடி உட்கார்ந்திருந்தார். யாரோடு பேசுவது? நீயும் நானும் சமையலறையில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஜன்னல் வழியாக உங்கள் வயலையே பார்த்துக்கொண்டிருப்பார். படிப்படியாக இறங்கும் வயல், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் முழங்கால் உயரத்துக்குப் புல். அது அவருக்குக் கண்ணில் விழுந்த தூசு. நம்ம பொண்ணு சோம்பேறி வீட்டுல வந்து மாட்டிக்கிச்சு என்று என்னிடம் முணுமுணுப்பார். நம் வயலில் வரப்பை அவர் எப்படி வைத்திருப்பார் என்று உனக்குத் தெரியும். ஒரு புல் முளைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நீயும் மாப்பிள்ளையும் செக்கப்புக்காகக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கினீர்களே, அப்போதுதான் தகட்டுக்குக் காம்பு போட்டார். விடிந்ததும் இறங்கிவிட்டார். புல்லைச் சீவி, ஓரம் வெட்டி, சேற்றைக் குழைத்துப் பூசி, படி படியாக மேலே ஏறினார். உன் மாமியார் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து ஏதோ சொன்னார். விருந்தாளி ஏன் வேலை செய்யணும் என்று உபசாரம் பண்ணுகிறார் என்று நினைத்து, இவர் சிரித்துக்கொண்டே பரவாயில்லை என்று திருப்பிக் கை ஆட்டினார். அந்த அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உனக்காக அவர் அப்படி முதுகு ஒடிய உழைத்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் திரும்பி வந்தபோது உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். மாப்பிள்ளை வானத்தைத்தான் பார்த்தார். மறுநாள் முழுக்க மழை. மதியத்துக்குப் பிறகு மேல் படி சரிந்து அடுத்ததன் மேல் விழுந்தது, அது அதற்கடுத்ததன் மேல். நீங்கள் போட்டிருந்த கிழங்கும் மண்ணும் மாட்டுக் கொட்டகைச் சுவர் வரை வந்து நின்றன. அந்தப் புல்லின் வேர்தான் மலையைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? தட்டையான மண்ணில் பிறந்து தட்டையான மண்ணில் உழுதவர்கள்.

மழை விட்டதும் ஊரே கல் சுமக்க வந்தது. கூப்பிடாமலே வந்தார்கள், ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் உன் அப்பா தாங்கியிருப்பார். வரிசையில் போய் நின்று அவரும் ஒரு கல்லை வாங்கினார். மாப்பிள்ளை வந்து, மரியாதையாக, அந்தக் கல்லை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்காரவைத்தார். வயலில் எல்லாரும் வேலை செய்ய உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் நீ வந்து சொன்னாய். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேப்பா. எங்கிட்ட எதைத்தான் கேட்டீங்க நீங்க?"

அங்கே நம் பாஷை தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர்தான். ஆனால் ஊரே கேட்டுவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டார். நீ சொன்னது வயலை மட்டும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் படிப்பை நிறுத்தியபோது கேட்கவில்லை. நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒருவனுக்கு உன்னைப் பேசி முடித்து, பத்திரிகை அடித்த பிறகுதான் உனக்குச் சொன்னார். நீ சொன்னதில் தப்பு இல்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் வைத்து நீ அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்.

மறுநாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு "கிளம்பு" என்றார். என்னையும் கேட்கவில்லை. நீ வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "நீ இரும்மா" என்றாய். அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். எந்த விமானத்தில் ஏறவேண்டும் என்று தெரியாது, பலகை படிக்கத் தெரியாது, வாய் திறந்து கேட்கவும் மாட்டார். உனக்கு அங்கே நாலு பேர் இருக்கிறார்கள், இவருக்கு யாருமில்லை என்று நினைத்தேன். அதனால் அவர் பின்னால் போனேன். கூடை நகர்ந்தபோது கையை ஆட்டினேன். நீ கதவைச் சாத்திக்கொண்டாய். விமானத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும் சாப்பிட என்ன இருக்கிறது என்றார். உன்னை விட்டுவிட்டு இந்த மனுஷனை நான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன் பார், என் புத்தியை என்னவென்று சொல்ல.

நேற்று நடந்ததைக் கேள். மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்து, பேரன் பிறந்திருக்கிறானாமே, சொல்லவே இல்லையே என்றார். உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை என்று ஒரு நிமிஷம் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும். ஓடிவந்து அவரைக் கேட்டேன், எப்போது போன் வந்தது என்று. வரவில்லையாம். ஊரில் எல்லாரும் கேட்கிறார்களாம், அதனால் பேரன் என்று சொல்லிவிட்டாராம். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாயிற்று. பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். முதல் தடவையாக ஒன்று கேட்டார், அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

அவரை மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன். அது உங்கள் இருவர் வழக்கு. சரிந்த படிகளைக் கட்டி முடித்தீர்களா, உனக்குப் பால் சுரக்கிறதா, குழந்தையைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஆயிரம் கேள்வி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த வீட்டில் உன்னை யாரும் இதுவரை எதையும் கேட்டதில்லை, நான் கேட்கிறேன். நான் வரட்டுமா? தனியாகத்தான். வா என்றாலும் எழுது, வராதே என்றாலும் எழுது. நீ எழுதாமல் வரமாட்டேன்.

உன் குழந்தை ஆணோ பெண்ணோ, நோய் நொடி இல்லாமல், நினைத்ததைச் சொல்லும் வாயோடு வளரட்டும்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: உன் அப்பாவிடம் நான் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.