‘நீங்கள்’ என்ற ஏச்சு

பிரியமான சாலமோன் அண்ணே,

நீ போய் எட்டு மாதமாகிறது. சங்கரன்கோவிலில் நாம் வாடகைக்கு எடுத்த மாடி அறையில்தான் இன்னும் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். உன் நாற்காலி எனக்கு எதிரே அப்படியே கிடக்கிறது. ஒரு மாதமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வேலையில் தவறிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒரு சரக்குக் கப்பலில் நடந்த விபத்து. தலைமை இன்ஜினியரும் எலெக்ட்ரீசியனும் ருஷ்யர்கள், பல வருடச் சிநேகிதர்கள். எலெக்ட்ரீசியன், மூடிக் கிடந்த சரக்கறைக்குள் காற்றைச் சோதிக்காமல் இறங்கியிருக்கிறார். மூச்சு முட்டி ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். உயிர் இருக்கிறது, இனி நடக்க மாட்டாராம். இன்ஜினியர் மிரட்டித்தான் அவரை இறக்கினார் என்று வழக்கு. விபத்துக்கு முன் இன்ஜினியர் அவருக்குப் போனில் அனுப்பிய இரண்டு குரல் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது.

முதல் செய்தியில் அவர் கத்துகிறார். ‘கஸ்யோல்’ என்கிறார், ஆட்டுக்கடா. ‘உபியூ’ என்கிறார், கொன்றுவிடுவேன். அரை மணி நேரம் கழித்து வந்த இரண்டாவதில் கத்தல் இல்லை. ‘காக் வாம் உகோத்னா’ என்று நிதானமாக ஒரே வரி; தங்கள் விருப்பப்படி. கல்லூரியில் படித்த இலக்கணத்தை வைத்துச் சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பிவிட்டேன்.

எலெக்ட்ரீசியன் தரப்பு வக்கீலிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. முதல் செய்தி தெளிவான கொலை மிரட்டல், அதுவே போதும். இரண்டாவது வெறும் மரியாதைப் பேச்சு, அதை விட்டுவிடுகிறோம் என்று எழுதியிருந்தார். படித்த பிறகு அறையில் உட்கார முடியாமல் புளியங்குடி பஸ்ஸில் ஏறி, எலுமிச்சைச் சந்தை வரை போய், இறங்கிய கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

பன்னிரண்டு வருடம் ருஷ்யக் கப்பல்களில் இன்ஜின் அறையில் கிடந்தவன் நீ. ‘கஸ்யோல்’ பற்றி என்ன சொன்னாய்? “தெரியாதவன்ட்ட சொன்னா பல்லு போயிரும். கூட்டாளிட்ட சொன்னா டீ போட்டுத் தருவான். யாரு யார்ட்ட சொல்லுதான்னு பாரு மெர்சி.” நான் பார்த்தேனா?

முதல் செய்தியை மறுபடி கேட்டேன். உன் ஹெட்போனில், இன்ஜின் இரைச்சலுக்கு அடியில், நான் தவறவிட்ட இரண்டு சொற்கள் இருந்தன: ‘எங்கே இறங்குகிறாய்?’ அப்போதுதான் மைனி வந்தாள், பனவடலிசத்திரத்தில் உன் வீட்டிலிருந்து, உன் சான்றிதழ் ஒன்றைத் தேடி. ஸ்பீக்கரில் போட்டேன்.

“யாரு இது, இந்தக் கத்து கத்துதாரு?”

“ஒரு இன்ஜினியர், மைனி. கூட்டாளியக் கொன்னுருவேன்னு சொல்லுதாரு.”

“கொல்லப்போறவன் குரலா இது? பயந்துபோய்லா ஏசுதாரு. எம் மவன் டேவிட் மொட்டமாடிச் சொவத்துல ஏறுனா நான் இப்படித்தான ஏசுவேன்.”

ஆமாம் அண்ணே. அவர் இறங்கச் சொல்லவில்லை. இறங்காதே என்று உயிர் பதறக் கத்தியிருக்கிறார். என் ஆங்கிலம் அந்தப் பதற்றத்தைக் கொலை மிரட்டலாக்கிவிட்டது. மரியாதை என்று வக்கீல் ஒதுக்கிய இரண்டாவது செய்திதான் உண்மையான ஏச்சு. இத்தனை நாளும் ‘நீ’ என்று கூப்பிட்டவனை, சொல் கேட்கவில்லை என்றதும் திடீரென்று ‘தாங்கள்’ என்கிறார். எனக்கும் உனக்கும் ஒன்றுமில்லை, எப்படியும் போ என்று கையை உதறுகிறார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் இறங்கினார். நீ, நீங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அதில் இது எப்படித் தெரியும்?

இதைப் புரிந்துகொண்டதும் உன் நாற்காலியைத்தான் பார்த்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கடைசி மத்தியானம், ஒரு வசைச்சொல்லை நான் மென்மையாக்கியதற்கு நீ சண்டை போட்டாய். “ஏசுதவன் வாயில நீ ஏன் சர்க்கரை போடுத?” என்றாய். நான் சத்தம் போடவே இல்லை. “நீங்க கப்பல்ல கேட்டது போதும். படிச்சவ நான், பாத்துக்கிடுதேன். நீங்க வீட்டுக்குப் போங்க” என்றேன். நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். மூன்றாம் நாள் காலையில் உன் நெஞ்சு நின்றுபோனது. இடையில் நான் போன் பண்ணவே இல்லை.

மைனியிடம் சொன்னேன். “கடைசியா அவன ‘நீங்க’ன்னுட்டேன் மைனி.”

அவள் என்னைத் தேற்றவில்லை. “தெரியும். சட்டையக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தாக. ‘ஏந் தங்கச்சி என்ன நீங்கன்னுட்டாட்டி’ன்னாக.” பிறகு, “மறுநா பூரா நீ தப்பா எழுதுன அந்தச் சொல்லுக்கு வேற சொல்லு தேடிக்கிட்டே கெடந்தாக” என்றாள்.

அன்றே திருத்தி எழுதி, இரண்டு செய்திகளுக்கும் விளக்கம் சேர்த்து அனுப்பினேன். வக்கீல் கூப்பிட்டார். “மொழிபெயர்த்தா போதும் மேடம், விளக்கம் வேண்டாம்.”

“அது இல்லாம அந்த மொழிபெயர்ப்பே தப்பு சார். பழசுல இருக்கிற என் கையெழுத்த எடுத்துருங்க.”

அவர் வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் செய்தார். அவரும் நான் சொன்னதையே சொல்லிவிட்டார். போன வாரம் விசாரணையில் கொலை மிரட்டல் என்ற குற்றச்சாட்டு விழுந்துபோனது. இரண்டாவது செய்தியைப் பற்றி இன்ஜினியரிடம் கேட்டார்களாம். “ஆமாம், அவனுக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்” என்றாராம். விசாரணை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவரை எலெக்ட்ரீசியன் உள்ளே விடவில்லை. வாசலில் நின்றவரைப் பார்த்து ‘கஸ்யோல்’ என்று மட்டும் கத்தினாராம். எந்தக் கஸ்யோல் அண்ணே அது? பல்லு போகிறதா, டீ கிடைப்பதா? இதை எனக்கு எழுதி அனுப்பிய வக்கீலுக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் கேட்டதும் சொல்லியிருப்பாய்.

இனி யாருடைய ஏச்சையும் நான் கழுவித் துடைத்துத் தர மாட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்விட்டு ஏசிவிடுவேன்; மரியாதை கொடுத்து யாரையும் தள்ளிவைக்க மாட்டேன். ஏசினால், அன்று பொழுது சாய்வதற்குள் நானே கூப்பிட்டுவிடுவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மெர்சி