மாமன் மடி

சேசு மரி சூசை
தாராவி, 4-3-63

தம்பி ஞானசேகரனுக்கு அக்கா சவரியம்மாள் எழுதுவது. இங்கே யாருக்கும் சுகமில்லை. அதனால் உன் சுகத்தையும் கேட்கவில்லை.

அம்மையில் போன என் பிலோமிக்கு முப்பதாம் நாள் பூசை போன வியாழக்கிழமை முடிந்தது. மாமன் வரவில்லை. தபாலில் ஒரு காகிதம் வந்தது, "ஆழ்ந்த அனுதாபம்" என்று. யாருக்கடா அனுதாபம்? மூன்று வயசாகியும் உன் தோளைவிட்டு இறங்காத பிள்ளை. முனிசிபாலிட்டிக் கடுதாசி மாதிரி எழுதியிருக்கிறாயே!

விக்ரோலிக்கு மாற்றல் கேட்டு வாங்கினாயாம். சைக்கிளில் டீகா ஊசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தச் சந்தெல்லாம் அம்மை குத்தித்தானே, பரீட்சை எழுதி, ஆபீசர் ஆனாய்? இப்போது இந்தச் சந்து மட்டும் கசக்கிறதா?

சவரியம்மாள்


விக்ரோலி, 11-3-63

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதம் கிடைத்தது. வேலை மிகுதியால் வர இயலவில்லை. இங்கும் பெரியம்மை கண்டிருக்கிறது. உங்கள் சந்து வேலையைப் புது ஆபீசர் சுந்தரராமன் பார்த்துக்கொள்வார். தகுதியானவர். அத்தானையும் அத்தையையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

ஞானசேகரன்


தாராவி, 18-3-63

தம்பிக்கு,

தகுதியானவர் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்தார். சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்களுக்கு மூன்றாம் வீட்டுக்காரருக்கு அம்மை போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூமாரி பச்சைப் பிள்ளைக்காரி. நானே போய்க் கெஞ்சினேன். அவள் சொல்கிறாள்:

"போங்க மைனி. ஆபீசர் தன் அக்கா மகளுக்கே போடலைலா? என்னமோ சங்கதி இருக்கப் போயித்தான போடலை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சங்கதி என்று உனக்குத் தெரியும். என் மாமியார் சொன்னாள்: "மாமன் மடியில காது குத்துறதுதான் பிள்ளைக்கு மொத ஊசி. அதுக்கு முன்ன வேற ஊசி படப்பிடாது. ஈஸ்டர் கழியட்டும்." நீ வாங்கி வந்த கம்மலை என் கையில் கொடுத்துவிட்டு, "சரி அத்தே, கழியட்டும்" என்று சிரித்தாய். ஊரார் பிள்ளைகளைக் கட்டிலடியிலிருந்து இழுத்துப் போட்டுக் குத்தினவனுக்கு, என் வீட்டுக் கிழவியிடம் மட்டும் வாய் வரவில்லை.

இதை நீயே வந்து சந்தில் சொல். நான் சொன்னால், "துக்கத்துல பிதத்துதா" என்கிறார்கள்.

சவரியம்மாள்


விக்ரோலி, 23-3-63

அக்கா,

என்னால் முடியாது. எந்த வீட்டுக்குப் போவதானாலும் உன் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன். இனி யாருக்கும் ஊசி குத்தும் யோக்கியதை எனக்கு இல்லை.

சேகரன்


தாராவி, 26-3-63

சேகரா,

அந்தக் காகிதத்தை அடுப்பில் போடு. நீ வேலையை விட்டால் என் பிள்ளை எழுந்து வருவாளா? என் முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் குனிந்துகொண்டே வா. ஆனால் வா.

நேற்று மூன்றாம் வீட்டுக்காரர் போய்விட்டார். சாயங்காலம் பூமாரி தானாக வந்தாள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லை. அவளும் காது குத்தத்தான் காத்திருக்கிறாளாம். "எம் பிள்ளையை மடியில வைக்க மாமன் யாரு மைனி இருக்கா?" என்று அழுதாள். "எந்தம்பி இருக்காம்லா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது. சொன்னது சொன்னதுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் என் வாசலில் பாய் விரித்து வைப்பேன். பெட்டியோடு வந்து உட்கார். பூமாரி பிள்ளையை உன் மடியில் நானே வைப்பேன், காலையும் நானே பிடித்துக்கொள்வேன். மாமன் மடியில் முதல் ஊசி அம்மை ஊசியாக இருக்கட்டும். சந்து முழுக்கப் பார்க்கட்டும். என் மாமியாரும் கையை நீட்டுகிறேன் என்றிருக்கிறாள். அவளிடம் இனி ஒரு வார்த்தை கேட்காதே. அவள் சாப்பிட்டு நாளாகிறது.

அந்தப் பிள்ளைக்குக் கம்மல் வேண்டும். என்னிடம் இருப்பதைக் கொடுக்க மாட்டேன், அது பிலோமியுடையது. வரும்போது வேறு வாங்கி வா.

அக்கா