பித்தளைக் கப்பல் காயுது, தொடாதீங்க

என்னங்க,

உங்க ஆபீஸ் தோழி கொடுத்த பித்தளைக் கப்பலை மீன் தொட்டியிலிருந்து எடுத்துட்டேன். பித்தளையில செம்பு இருக்கு. அது தண்ணியில கரைஞ்சா மீனுங்க செத்துப்போகும். கொடுத்தவளுக்கும் தெரியல, வாங்கின பூரிப்புல உங்களுக்கும் தோணல. நல்லா தேய்ச்சுக் கழுவி, தண்ணி படாம மூடுற நிறமில்லாத எபாக்சி பிசின் பூசி, ஜன்னலோரம் வச்சிருக்கேன். முழுசா இறுகுறவரைக்கும் தொட்டியில போடாதீங்க.

அதே தொட்டிக்குன்னு நான் வாங்கித் தந்த பீங்கான் பாலம் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே தூங்குது. பரவாயில்ல, தூங்கட்டும்.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. நான் வர லேட்டாகும்.

சொல்ல மறந்துட்டேன்: கப்பலுக்கு அடியில 'என்றும் அன்புடன்'னு செதுக்கிக் கொடுத்திருக்கா. சரியா அந்த எழுத்துகிட்ட வந்ததும் நிறமில்லாத எபாக்சி தீர்ந்துபோச்சு. அங்க மட்டும் கறுப்பு எபாக்சியை ரெண்டு தடவை பூசிட்டேன். எல்லாம் மீனுங்க நல்லதுக்குத்தான்.